எல்லா ஊசியும் போட்ட பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது எப்படி?

2024 மார்ச்சில் ஒரு நாள் காலை அக்கா வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தாள். முதல் படத்தில் அவள் பையன், ஆறு வயது. இடது காதுக்குக் கீழே கன்னம் புடைத்துத் தாடைக் கோடே தெரியவில்லை. காது மடல் லேசாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கழுத்தில் பாட்டியின் தங்கச் சங்கிலி, இரண்டு சுற்று. இரண்டாவது படம் அவனுடைய தடுப்பூசி அட்டை. பிறந்த அன்று போட்ட பி.சி.ஜி.யிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் நர்ஸம்மாவின் கையெழுத்தும் இருந்தன. ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

படங்களுக்குக் கீழே ஒரே வரி: “எல்லா புதன்கிழமையும் தவறாம தூக்கிட்டுப் போனேனேடா, அப்புறம் எப்படி வந்துச்சு?”

நான் டாக்டர் இல்லை. வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொல்பவன் என்று ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் அந்த அட்டையிலேயே இருந்தது. ஒன்பதாம் மாதக் கட்டத்திலும் ஒன்றரை வயதுக் கட்டத்திலும் எழுதியிருந்தது ‘எம்.ஆர்’. அக்கா அதை எம்.எம்.ஆர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பல பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எம்.எம்.ஆரில் முதல் எம் மீசில்ஸ், அதாவது தட்டம்மை. இரண்டாவது எம் மம்ப்ஸ். அதுதான் பொன்னுக்கு வீங்கி. ஆர் ருபெல்லா, ஜெர்மன் தட்டம்மை. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவது எம்.ஆர். நடுவில் இருக்கவேண்டிய எம் அதில் கிடையாது. அக்கா எந்தத் தவறும் செய்யவில்லை, நர்ஸம்மாவும் செய்யவில்லை. அவர்கள் போட்ட ஊசி பொன்னுக்கு வீங்கிக்கானதே அல்ல.

சரி, ஏன் அந்த எம்மை விட்டார்கள்? தட்டம்மை குழந்தைகளைக் கொல்லும் நோய். ருபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாவற்றையும் கெடுக்கும். இவை இரண்டோடும் ஒப்பிட்டால் பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் படுத்திவிட்டுப் போய்விடும். உயிரிழப்பு மிக அரிது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு இலவசமாகப் போட வேண்டிய அரசு, எதை முதலில் தடுப்பது என்று கணக்குப் போட்டு எம்.ஆரைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் அது 2017 பிப்ரவரியில் பெரிய முகாமாகத் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் இருந்த எல்லாருக்கும் போட்டார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளை நம்பிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் ஏராளம். முகாமின் கடைசித் தேதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது.

ஆனால் எல்லாரும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் எம்.எம்.ஆரையே பரிந்துரைக்கிறது: 9ஆம் மாதம், 15ஆம் மாதம், அப்புறம் 4 முதல் 6 வயதுக்குள் மூன்றாவது. அதனால் பிரைவேட்டில் போட்ட பிள்ளைக்கு இரண்டாவது எம் இருக்கும், அரசில் போட்ட பிள்ளைக்கு இருக்காது. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். டெல்லி அரசு 1999லேயே தன் செலவில் எம்.எம்.ஆர் போட ஆரம்பித்தது. இலங்கையில் 2011இலிருந்து அரசே எம்.எம்.ஆர் போடுகிறது. அங்கே இந்த நோய்க்குப் பெயர் கூகைக்கட்டு.

நம் ஊர்ப் பெயருக்கு வருவோம். பொன்னுக்காக வீங்கிய கன்னம், பொன்னைப் போட்டால் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. அதனால்தான் அந்தச் சங்கிலி. சிலர் வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். சங்கிலி போட்டு ஏழெட்டு நாளில் வீக்கம் வற்றுவது உண்மைதான். சங்கிலி போடாவிட்டாலும் அதே ஏழெட்டு நாளில் வற்றும். பிள்ளை கழுத்தில் தங்கம் கிடப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, பள்ளிக்குப் போட்டு அனுப்பாத வரைக்கும். பள்ளிக்குத்தான் அனுப்பக் கூடாதே.

உடம்புக்குள் நடப்பது இதுதான். இது ஒரு வைரஸ். இருமல், தும்மல், எச்சில் வழியாகப் பரவும். ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது போதும். உள்ளே போன பிறகு 12 முதல் 25 நாள் வரை சத்தமே இருக்காது, பெரும்பாலும் 16 முதல் 18 நாள். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடினால் மூன்று வாரம் பின்னால் போய்த் தேட வேண்டும். நேற்று வந்துபோன விருந்தாளிமேல் பழி போட்டுப் பயனில்லை. பிறகு காய்ச்சல், தலைவலி, உடல்வலி. அப்புறம் காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். ஒரு பக்கம் முதலில், இரண்டொரு நாளில் மறுபக்கமும். சிலருக்கு ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். இன்னும் சிலருக்கு வீக்கமே வராமல் சாதாரணக் காய்ச்சல் போலக் கடந்துபோகும். அவர்களும் பரப்புவார்கள்.

வீங்கியிருப்பது எச்சில் சுரக்கும் சுரப்பி என்பதால், எச்சில் ஊறும்போதெல்லாம் வலிக்கும். அக்கா அன்று மதியம் ரசம் சாதம் பிசைந்து ஊட்டியிருக்கிறாள். ஒரு வாய் போனதும் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். புளி, எலுமிச்சை, ஊறுகாய், சாத்துக்குடி ஜூஸ் எல்லாம் அந்த வாரத்துக்கு ஆகாது. பாசிப்பருப்புக் கஞ்சி, குழைந்த சாதம், இட்லி, இளநீர் போதும். மெல்ல வேண்டாத எதுவும் நல்லது. தண்ணீர் மட்டும் குறையக் கூடாது.

மருந்து என்று பார்த்தால் காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது. மெடிக்கல் ஷாப்பில் கன்னத்தைக் காட்டி ‘வீக்கத்துக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ஆனால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. ஏனென்றால் கன்னம் வீங்கியதெல்லாம் பொன்னுக்கு வீங்கி இல்லை. சொத்தைப் பல்லில் சீழ் பிடித்தாலும், கழுத்தில் நெறி கட்டினாலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவற்றுக்கு வைத்தியம் வேறு.

வீக்கம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நோய் பரவ ஆரம்பித்துவிடும். வீங்கிய பிறகு ஐந்து நாள் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். இந்த ‘இரண்டு நாள் முன்பிருந்தே’ என்பதால்தான் பள்ளிகளில் இதை அடக்குவது கஷ்டம். கன்னம் வீங்கிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, அவன் ஏற்கெனவே நான்கு பேருக்குக் கொடுத்திருப்பான். 2023 கடைசியிலிருந்து தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் இது அலையடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேரளத்தில் 2024 மார்ச்சில் ஒரே நாளில் 190 பேர் என்று செய்தி வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அத்தை ஒண்ணு சொல்றாங்கடா… ஆம்பளப் பையனுக்கு வந்தா பின்னாடி குழந்தை பிறக்காதாமே?” என்றாள்.

தமிழ்க் குடும்பங்களில் பொன்னுக்கு வீங்கி என்றதும் பயப்படுவது இதற்குத்தான், வெளியே சொல்லமாட்டார்கள். இதில் பாதி உண்மை. வயதுக்கு வந்த ஆண்களுக்கு, தடுப்பூசி போடாத நிலையில் இந்த நோய் வந்தால், நூற்றில் முப்பது பேர் வரை விதைப்பை வீங்கி வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். சிலருக்கு அந்த விதை கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஆனால் அதனால் மலடாவது மிக அரிது. ஆறு வயதுப் பையனுக்கு விதைவீக்கமே அபூர்வம். ஆக, அத்தையின் பயம் பேரனுக்குப் பொருந்தாது. ஹாஸ்டலில் படிக்கும், சின்ன வயதில் வராத, ஊசியும் போடாத சித்தப்பா பையனுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இந்த வயது விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊரில் பாதிப் பிள்ளைகள் மட்டும் எம்.எம்.ஆர் போட்டுக்கொண்டால் வைரஸ் மெதுவாகப் பரவும், ஆனால் நிற்காது. ஊசி போடாதவர்கள் முன்பெல்லாம் ஐந்து வயதில் பட்ட நோயைப் பதினைந்திலோ இருபதிலோ படுவார்கள். அந்த வயதில்தான் சிக்கல்கள் அதிகம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், இந்தத் தடுப்பூசியை ஒரு நாட்டுத் திட்டத்தில் சேர்த்தால் 80 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகளைத் தொட வேண்டும், அரைகுறையாகச் செய்யக் கூடாது என்கிறது. காசு இருப்பவர் பிரைவேட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவது கிட்டத்தட்ட அந்த அரைகுறைதான். என்னைக் கேட்டால், அரசு அட்டையில் அந்த இரண்டாவது எம் வந்தாக வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

நான் அக்காவைக் கவனிக்கச் சொன்னது வேறு ஒன்றை. காது. பொன்னுக்கு வீங்கி சிலருக்கு உள்காதைத் தாக்கிச் செவிட்டுத்தனத்தை உண்டாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் திரும்பாது. பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் வருவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. இன்னொரு காது சமாளித்துவிடும். இடது காதில் போனை வைத்தால் வலதுக்கு மாற்றிக்கொள்வான், கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்புவான், நாமோ பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தால் அன்றே காது டாக்டரிடம் போக வேண்டும்.

இது எவ்வளவு அரிது? பழைய மருத்துவ நூல்களில் இருபதாயிரம் பேரில் ஒருவர் என்று இருக்கும். ஜப்பானின் அனுபவம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. அங்கே 1989இல் எம்.எம்.ஆர் கொண்டுவந்தார்கள். அதிலிருந்த மம்ப்ஸ் வைரஸ் ‘உராபே’ என்ற வகை. அது போதுமான அளவு பலவீனமாக்கப்படவில்லை. ஊசி போட்ட குழந்தைகள் சிலருக்கு மூளையைச் சுற்றியுள்ள உறை அழற்சியுற்று, தலைவலி, வாந்தியோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1993இல் அந்த ஊசியை நிறுத்தினார்கள். பிரிட்டனும் அதற்கு ஒரு வருடம் முன்பே உராபே வகையைக் கைவிட்டது. அதன் பிறகு ஜப்பானில் மம்ப்ஸ் தடுப்பூசி பெற்றோர் விருப்பம், சொந்தச் செலவு என்று ஆனது. பலர் போடவில்லை. நோய் சில வருடங்களுக்கு ஒருமுறை அலையாக வந்துபோனது. 2015, 2016 இரண்டு வருடங்களில் மட்டும் குறைந்தது 348 பேர் இதனால் கேட்கும் திறனை இழந்ததாக அந்த நாட்டுக் காது மருத்துவர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். பலர் குழந்தைகள்.

ஊசிக்குப் பயப்படும் பெற்றோரிடம் ‘பக்கவிளைவே கிடையாது’ என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. உராபே நிஜம். இந்தியாவில் தயாராகும் எம்.எம்.ஆரில் உள்ள லெனின்கிராட்-சாக்ரெப் வகையிலும் இப்படி மூளையுறை அழற்சி பதிவாகியிருக்கிறது. அரிதாக வரும், பெரும்பாலும் தானாகவே ஆறும். நோயே வந்தால் அதே தொல்லை வரும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு. அடிக்கடி பார்ப்பது வேறு: ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல், லேசான தடிப்பு, சில பிள்ளைகளுக்குக் கன்னத்தில் சிறு வீக்கம். மூவாயிரம், நாலாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கப் பதறும், ஆனால் நிலையான கெடுதல் செய்வதில்லை.

ஆட்டிசம் வருமா என்பது அக்காவின் அடுத்த கேள்வி. வராது. அந்தக் கதை தொடங்கியது 1998இல், லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில். லேன்செட் இதழ் அதை 2010இல் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. பேச்சு வரவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை என்று பெற்றோர் கவனிக்கத் தொடங்குவது ஒன்றரை வயதை ஒட்டி. ஊசி போடுவதும் அதே வயதில். அதனால் இரண்டும் முடிச்சுப் போட்டதுபோலத் தோன்றுகிறது.

இந்தத் தடுப்பூசி பிறந்த கதை எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் விலகிச் சொல்லிவிடுகிறேன். 1963இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், நள்ளிரவில் ஐந்து வயதுச் சிறுமி ஜெரில் லின் தொண்டை வலிக்கிறது என்று அப்பாவை எழுப்பினாள். அப்பா மோரிஸ் ஹில்லமன் தடுப்பூசி விஞ்ஞானி. கன்னத்தைத் தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மகளைத் திரும்பப் படுக்கவைத்துவிட்டு, லேபுக்குக் கார் ஓட்டிப் போய்ப் பஞ்சுக்குச்சி எடுத்துவந்து அவள் தொண்டையில் துடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அந்த வைரஸைக் கோழி முட்டைக் கருவிலும் கோழிக்குஞ்சுச் செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்தார். கோழிச் செல்லுக்குப் பழகப் பழக, மனித உடம்பில் நோய் உண்டாக்கும் வேகம் அதற்குக் குறைந்தது. ஆனால் நம் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பு கட்டும் அளவுக்கு முகஜாடை மிச்சமிருந்தது. முதலில் அதைப் போட்டுக்கொண்ட குழந்தைகளில் ஜெரிலின் தங்கை கிர்ஸ்டனும் ஒருத்தி. 1967இல் உரிமம் கிடைத்தது, 1971இல் எம்.எம்.ஆரில் சேர்ந்தது. இன்றும் பல நாடுகளில் போடுவது அந்தச் சிறுமியின் தொண்டையிலிருந்து வந்த வகைதான். பெயரே ‘ஜெரில் லின்’.

அப்படியானால் எம்.எம்.ஆர் போட்டால் வரவே வராதா? வரலாம். இந்த மூன்றில் மம்ப்ஸ் பாகம்தான் கொஞ்சம் பலம் குறைந்தது. இரண்டு தவணைக்குப் பாதுகாப்பு 86 முதல் 88 சதவீதம் என்கிறார்கள். ஊசி போட்ட நூறு பேரில் 12 பேருக்கு நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசி இல்லாமல் நூறு பேருக்கு வந்திருக்கக்கூடிய இடத்தில் 12 பேருக்கு வரும் என்று அர்த்தம். வருடங்கள் போகப் போக அந்தப் பாதுகாப்பும் தேயும். 2006இல் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது, நிறையப் பேர் இரண்டு தவணையும் போட்ட கல்லூரி மாணவர்கள்.

‘பாருங்க, ஊசி போட்டவங்களுக்குத்தான் அதிகம் வருது’ என்று யாராவது சொன்னால் ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பிள்ளைகள், 48 பேர் ஊசி போட்டவர்கள், இரண்டு பேர் போடாதவர்கள். எல்லாரையும் வைரஸ் நன்றாகத் தொட்டுவிட்டது. போடாத இரண்டு பேருக்கும் வருகிறது. போட்ட 48 பேரில் ஆறு பேருக்கு வருகிறது. நோய் வந்த எட்டு பேரில் ஆறு பேர் ஊசி போட்டவர்கள்! ஆனால் ஒரு பக்கம் இரண்டுக்கு இரண்டு, மறுபக்கம் 48க்கு ஆறு. அதோடு, ஊசி போட்டும் வந்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு.

அக்காவுக்கு இரண்டு வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவளுக்கும் எம்.ஆர்தான் போட்டிருந்தார்கள். எம்.ஆர் இரண்டும் போட்ட பிறகு எம்.எம்.ஆர் போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம். தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் இன்னொரு முறை போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. முந்தைய ஊசிக்கும் இதற்கும் நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். குழந்தை டாக்டரிடம் சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் அண்ணனிடமிருந்து ஏற்கெனவே தொற்றியிருந்தால் இப்போது போடும் ஊசி அதைத் தடுக்காது. அடுத்த முறைக்குத்தான் உதவும். இது உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் போடமாட்டார்கள். முட்டை அலர்ஜி இருந்தால் போடக் கூடாது என்பது பழைய பேச்சு.

கடும் தலைவலியோடு கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கத் தூக்கம், வலிப்பு, மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி, விதைப்பை வலி. இவற்றில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்று அக்காவுக்குத் தனியாக எழுதி அனுப்பினேன். நல்லவேளை, எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் வலது கன்னமும் லேசாக வீங்கி, பத்தாம் நாள் இரண்டும் வற்றிவிட்டன.

அன்று வீடியோ காலில் அக்கா போனை அவன் இடது காதில் வைத்தாள், நான் மெதுவாக அவன் பெயரைச் சொன்னேன். பிறகு வலது காதில். இரண்டிலும் “என்ன மாமா?” என்றான். கழுத்தில் சங்கிலி அப்படியே இருந்தது. “கழட்டலையாக்கா?” என்று கேட்டேன். “பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வாரம் பார்க்கணும்னு நீதானேடா சொன்னே?” என்றாள். அதுவரைக்கும் அத்தை இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறாராம். பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள்.